மாத்திரைக்கு முன்னால் ஒரு வாய் சோறு

(உலகக் காசநோய் நாள் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, புறநோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு ஓடி வந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வேண்டாம் என்ற தம்பியே, வெயிலில் காத்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். போன வருடமும் இந்த மண்டபத்தை வாடகை இல்லாமல் தந்தவர் தலைவர் அம்மாதான். அதை மறக்க மாட்டோம்.

சோற்றுக்கும் காசநோய்க்கும் என்ன உறவு என்று பேச வந்தேன். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அந்தப் பத்தோடு மாத்திரையும் பறந்ததைப் பார்த்தவன் நான்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன், அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஒரு மாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். சளியைச் சோதித்தார்கள், காசநோய். ஆறு மாத மாத்திரை, இலவசம்தான். ஆனால் மூட்டை தூக்கினால்தானே கூலி? வேலை நின்றது, வீட்டில் உலையும் நின்றது. காலையில் வெறும் கடுங்காப்பியோடு மாத்திரை போடுவார், உடனே குமட்டும். சிறுநீர் வேறு செக்கச்செவேலென்று போனது. மாத்திரையால் வரும் நிறம் அது என்று யாரும் சொல்லவில்லை. ரத்தம் என்று பயந்துவிட்டார். இரண்டாம் மாதம் கொஞ்சம் தெம்பு வந்ததும் மாத்திரையை விட்டுவிட்டு மண்டிக்குக் கிளம்பினார். நான் போய்ச் சத்தம் போட்டேன். டிவி மேல் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டி, "இதைப் போட்டா பசிக்குது தம்பி. பசிச்சா எதைத் தின்ன?" என்றார். வாயடைத்துப் போனேன். அப்புறம் எங்கள் வீட்டிலிருந்து தினமும் சோறும் இரண்டு முட்டையும் போனது. மறுபடி தொடங்கி முழுசாக முடித்தார். அவர் சொல்லச் சொல்லித்தான் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950களில் உலகத்துக்குக் காட்டியது நம் சென்னை ஆய்வு. அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே வீட்டில் அடுத்தவருக்கு வராமல் தடுப்பது எது? ஜார்க்கண்டில் செய்த ஆய்வு 2023இல் வெளியானது. நோயாளிக்கு மட்டும் உணவு கொடுத்த இடங்களைவிட, வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், சிறு பிள்ளைகளுக்கு அதில் பாதியும் கொடுத்த இடங்களில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை!

நோயாளிக்குச் சாப்பாட்டுக்காக அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024 நவம்பரிலிருந்து 1000. நல்லது. ஆனால் ஐந்து பேர் வீட்டில் ஒருவர் மட்டும் தனியாகத் தின்பாரா? பசி வந்தால் பத்தும் பறக்கும், 1000 ரூபாயும் பறக்கும். சிகிச்சை முடியும்வரை அந்தக் குடும்பத்துக்கு ரேஷன் கடையில் கூடுதலாகப் பருப்பும், வாரம் ஒரு தட்டு முட்டையும் கொடுங்கள் என்பதுதான் நம் கோரிக்கை.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. மருத்துவர் ஐயா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். நீங்களும் போட்டுவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போங்கள்.