மண்ணெண்ணெய்க் காசில் ஒரு சூரிய விளக்கு

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

சிம்னி விளக்கில் படித்து வளர்ந்தவர்கள் நம்மில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறோம். காலையில் மூக்கைத் துடைத்தால் விரலில் கரி ஒட்டும். அந்த விளக்குக்கு மண்ணெண்ணெய் கால் லிட்டர், அரை லிட்டராகத்தான் வரும், அதுவும் கையில் காசு இருக்கும் நாளில். ஏழை வீடும் வெளிச்சத்துக்கு வருடம் முழுக்கச் செலவு செய்துகொண்டுதான் இருக்கிறது. மொத்தமாக ஒரு தொகையைப் புரட்டத்தான் அதனால் முடிவதில்லை. எரிசக்தி வறுமையை, அதாவது விளக்குக்கும் அடுப்புக்கும் மின்சாரமோ நல்ல எரிபொருளோ கிடைக்காத நிலையை, பற்றிப் பேசும்போது நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

வங்கதேசத்தில் யமுனை ஆற்றின் நடுவே மணல் திட்டுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். இது நம் டெல்லி யமுனை அல்ல. பிரம்மபுத்திராவுக்கு அங்கே அந்தப் பெயர். ஆறு ஒரு பக்கம் திட்டைக் கரைக்கும், இன்னொரு பக்கம் மண்ணைச் சேர்க்கும். சில வருடங்களில் ஊரே இடம் மாறிவிடும். அங்கே மின்கம்பம் நட யார் வருவார்கள்? சூரியத் தகடு என்றால் வீட்டுக் கூரையோடு கழற்றிப் படகில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

ஆனால் தகட்டுக்கும் பேட்டரிக்கும் சேர்த்து ஒரே தவணையில் பணம் கொடுக்க அந்த வீடுகளால் முடியாது. அடமானம் வைக்க நிலமும் இல்லை. இந்த முடிச்சைத்தான் 2003இல் தொடங்கிய திட்டம் அவிழ்த்தது. 'இட்கால்' என்ற அரசு நிதி நிறுவனம் உலக வங்கி போன்ற இடங்களிலிருந்து பணம் பெற்று, கிராமீன் சக்தி மாதிரியான தொண்டு நிறுவனங்களுக்குக் கடனாகக் கொடுத்தது. அவர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு சிறு முன்பணம் வாங்கிக்கொண்டு தகட்டை மாட்டினார்கள். மீதியை இரண்டு மூன்று வருடத் தவணையாக வசூலித்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் போன காசு தவணைக்குத் திரும்பியது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தவணை வாங்க வரும் பணியாளரே பேட்டரியையும் பார்ப்பார், பழுதையும் சரிசெய்வார். விளக்கு எரியாத வீட்டில் யார் தவணை கட்டுவார்கள்? கொடுத்த கடன் திரும்பி வர வேண்டுமானால் பொருள் ஒழுங்காக வேலை செய்தே ஆக வேண்டும். மானியம் கொடுத்து மாட்டிவிட்டுப் போன எத்தனையோ சூரிய விளக்குகள் ஆறே மாதத்தில் வெறும் கம்பமாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

2008க்குள் 50,000 வீடுகள் என்று இலக்கு வைத்தார்கள். 2005லேயே அதை எட்டிவிட்டார்கள். 2018 வாக்கில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மாட்டியாகிவிட்டது.

அப்புறம் நிலைமை மாறியது. அரசு மின்கம்பிகளை வேகமாக இழுத்தது. சில இடங்களில் நலத்திட்டங்களில் தகட்டை இலவசமாகவும் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்குச் சும்மா கிடைக்கும்போது நான் மட்டும் ஏன் கட்ட வேண்டும் என்று மக்கள் கேட்டதில் தவறே இல்லை. தவணைகள் நின்றன, கடன் கொடுத்த நிறுவனங்கள் தத்தளித்தன. நல்ல எண்ணத்தோடு செய்யும் இரண்டு காரியங்கள் ஒன்றை ஒன்று பார்க்காமல் நடந்தால் இப்படித்தான் ஆகும்.

சரி, விளக்கு வந்தது. அடுப்பு? கூரையில் இருக்கும் அந்தச் சின்னத் தகட்டால் சோறு வடிக்க முடியாது. விளக்கு வெளிச்சத்தில் பிள்ளை படிக்க, அம்மா பக்கத்திலேயே விறகையும் வறட்டியையும் வைத்து ஊதிக்கொண்டிருக்கிறாள். உலகத்தில் இன்றும் 200 கோடிக்கும் மேற்பட்டவர்களின் சமையல் இப்படிப் புகையில்தான் நடக்கிறது. விளக்குக்குப் பலித்த கடன் வழி இங்கே அவ்வளவு எளிதாகப் பலிக்காது. மண்ணெண்ணெயைக் காசு கொடுத்து வாங்கினார்கள், அந்தக் காசைத் தவணையாகத் திருப்ப முடிந்தது. விறகைப் பெரும்பாலும் பொறுக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். அதற்காகப் பெண்கள் கொடுப்பது நேரமும் உடம்பும். அதிலிருந்து எப்படித் தவணை கட்டுவது? அதனால் அடுப்புக்கும் எரிவாயுவுக்கும் அரசின் மானியம் நீண்ட காலம் தொடரத்தான் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் சிலிண்டருக்குக் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஐந்தாவது சிலிண்டருக்கும் பத்தாவது சிலிண்டருக்கும் கொடுக்க வேண்டும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.