படி இறங்கும்போது தசைக்குள் என்ன நடக்கிறது?

வணக்கமுங்க. சென்னிமலையில் 1320 படி ஏறி, நடந்தே இறங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எழ முடியாமல் போவது பெரும்பாலும் இறங்கியதால்தான். தசை மெல்ல மெல்ல வலுவிழந்து போகும் டுஷேன் தசைச்சிதைவு நோயுள்ள பிள்ளைகளுக்கு இந்த இறக்கம் ஏன் ஆகாது என்பதையும் இதை வைத்தே பார்ப்போம்.

இறங்கும்போது தொடைத் தசை சுருங்கப் பார்க்கிறது. உடம்பின் பாரமோ அதை இழுத்து நீட்டுகிறது. தசை இழையைப் போர்த்தியிருக்கும் சவ்வு அதிகம் பாடுபடுவது அப்போதுதான்.

(திரையில்: ஒரு தசை இழை, மிகப் பெரிதாக)

சவ்வுக்கு உள்பக்கம் ஆக்டின் என்ற புரத இழைகள். வெளிப்பக்கம் லாமினின் என்ற புரதம் கலந்த உறை. நடுவில் இருக்கிற டிஸ்ட்ரோபின் என்ற புரதத்தைப் பாருங்கள். ஒரு முனையால் ஆக்டினைப் பிடித்திருக்கிறது. மறுமுனைப் பக்கம், சவ்வில் பதிந்த டிஸ்ட்ரோகிளைக்கன் என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்திருக்கிறது. அந்த டிஸ்ட்ரோகிளைக்கன் லாமினினைப் பிடித்திருக்கிறது. டிஸ்ட்ரோபினின் நடுப்பகுதி 24 சுருள் துண்டுகளால் ஆனது. வண்டியின் ஷாக் அப்சார்பர் போல இழுவையின் வேகத்தை அது வாங்கிக்கொள்கிறது. உள்ளே பிறக்கும் விசை பக்கவாட்டில் வெளி உறைக்குப் போய்ச் சேர்வதும் இந்தப் பிணைப்பு வழியாகத்தான்.

டுஷேன் தசைச்சிதைவு நோயில் இந்த டிஸ்ட்ரோபின் அநேகமாக இருப்பதே இல்லை. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் பிள்ளைகளையே பெரும்பாலும் தாக்குகிறது. 1993-இல் வெளியான ஆய்வு ஒன்றில், டிஸ்ட்ரோபின் இல்லாத எலித் தசையைச் சாயத்தில் வைத்துச் சுருங்கச் செய்தார்கள். கிழிந்த சவ்வு வழியே சாயம் உள்ளே போனது. தசையை நீட்டியபடி சுருங்கச் செய்தபோது சேதம் இன்னும் அதிகம்.

இந்த நோயுள்ள நம் பிள்ளைகளின் உடம்பில் அந்தக் கிழிசல் வழியே கால்சியம் நுழைகிறது. அது தசையையே அரிக்கும் நொதிகளைக் கிளப்பிவிடுகிறது. உடம்பு திரும்பத் திரும்பப் பழுது பார்க்கும். ஒரு கட்டத்தில் முடியாமல் போய், தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்துவிடும். கெண்டைக்கால் திரண்டு தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அதைப் பார்த்துப் "பையன் நல்ல பலசாலிங்க" என்று ஊரில் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகும்.

தரையிலிருந்து எழும்போது குழந்தை தன் தொடையிலேயே கையூன்றி ஏறி எழுந்தால், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் சி.கே. (கிரியேட்டின் கைனேஸ் என்ற, சேதமான தசையிலிருந்து கசியும் நொதி) அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் இரண்டும் தசையிலிருந்தும் கசியும். கூடியிருப்பதைப் பார்த்ததும் கல்லீரல் கோளாறு என்று முடிவுகட்டி, காமாலைக்கு மருந்து கொடுத்துக் காலத்தைக் கடத்த வேண்டாம்.

அப்புறம், "ஏறி இறங்கு கண்ணு, அப்பத்தான் கால்ல தெம்பு வரும்" என்று பாசத்தில் சொல்வோம். இந்தப் பிள்ளைகளிடம் மட்டும் அதைச் சொல்லாதீர்கள். படி இறங்குவதும் பளு தூக்குவதும் மிச்சமிருக்கிற சவ்வையும் கிழிக்கும். அதற்காகப் படுக்கையிலேயே போட்டு வைக்கவும் கூடாது. பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவில் தண்ணீரில் நீந்தவோ மெதுவாகக் கால் அசைக்கவோ விடுங்கள். தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் தசைக்கு அவ்வளவு இழுவை இருக்காது.