மாடி வீட்டுக்கும் ஒரு கறிவேப்பிலை மரம்

(கொழும்பு வெள்ளவத்தையில் நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் சித்த மருத்துவப் பெருமக்களே, தம் பணிகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் மாநகர சபை அதிகாரிகளே, மங்கல விளக்கேற்றிய அம்மையார் அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மேல் புகழ்ந்த செயலாளர் அவர்களே, காலி வீதி நெரிசலைக் கடந்து வந்து சேர்ந்த தாய்மாரே, பெரியோரே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இம்மண்டபத்தை மனமுவந்து தந்த அறங்காவலர்களுக்கும் நன்றி கூறாமல் தொடங்குவது முறையன்று.

கறிவேப்பிலையைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். முதலாவது, அதன் மருத்துவக் குணம். இரண்டாவது, அதன் வரலாறு. மூன்றாவது, அதை நாம் எங்கே வளர்ப்பது என்பது.

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்றார்கள் நம் முன்னோர். எண்ணெய் விற்கும் வாணியனை ஏன் சொன்னார்கள்? கறிவேப்பிலையில் உள்ள கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். அதுவே உடலில் விற்றமின் ஏ ஆக மாறுகிறது. நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ இலையைத் தாளித்துப் போட்ட பாட்டிமார் கரோட்டினை அறிந்திருக்கவில்லை. ஆனால் செய்முறை சரியாக இருந்தது. சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுகிறோமே, அதையும் எண்ணிப் பாருங்கள். கொதிக்கும்போது விட்டால் தேங்காய்ப்பால் திரைந்துவிடும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் அதனால் விற்றமின் சி வெந்து அழியாமல் தப்புகிறது. இலையிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சிக்கொள்ள அது துணை செய்கிறது. இத்தனைக்கும் பிறகு தட்டின் ஓரத்தில் இலையை ஒதுக்கி வைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தயவுசெய்து மென்று தின்னுங்கள்.

பசியின்மைக்கும் செரியாமைக்கும் நிழலில் உலர்த்திய இலையுடன் சுக்கு, மிளகு, சீரகம், உப்பு சேர்த்து இடித்த பொடியைச் சுடுசோற்றில் நெய்விட்டுப் பிசைந்து கொடுப்பது நம் வழக்கம். யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் மல்லி, செத்தல் மிளகாயோடு கறிவேப்பிலையையும் வறுத்துச் சேர்ப்பதை இங்குள்ள தாய்மார் அறிவீர்கள். மகானிம்பின் முதலான கார்பசோல் வகைச் சேர்மங்கள் இவ்விலையில் உண்டு. அவை இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாக விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டு எவரும் இலையை நம்பியிருக்கக் கூடாது. மருத்துவர் தந்தது மருத்துவர் சொன்னபடியே நடக்கட்டும்.

வரலாற்றை விரித்தால் பொழுது போதாது. பெரும்பாணாற்றுப்படையில் மாதுளங்காயோடும் மிளகோடும் சேரும் "கஞ்சகம்" இதுதான். தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர் கோனிக்கின் பெயரைத்தான் இதன் தாவரவியல் பெயர் தாங்கி நிற்கிறது.

இப்போது ஒரு சம்பவம். எங்கள் தெருவிலுள்ள மாடிக் கட்டடம் ஒன்றில் பருத்தித்துறை ஆச்சி ஒருவர் மகனோடு வசிக்கிறார். ஊரைவிட்டு வரும்போது நகையைப் பற்றிக் கவலைப்படாமல், கிணற்றடி மரத்தின் வேரில் வெடித்த கன்றைப் பால்மாப் பேணியில் வைத்து, இரவு பஸ்ஸில் மடியிலேயே ஏந்தி வந்தவர். கீழே வாகனத் தரிப்பிடத்தின் மூலையில் பெரிய சாடியொன்றில் அதை நட்டார். ஆச்சி கண் சத்திரசிகிச்சைக்குப் போனபோது, குருநாகலைச் சேர்ந்த காவலாளி ஐயா தண்ணீர் ஊற்றினார். "கறபிஞ்சா" என்று அவர் சொல்வார், "கறிவேப்பிலை" என்று ஆச்சி சொல்வார், கன்று இருவர் கையாலும் வளர்ந்தது. இரண்டாம் மாடிக்கு எட்டும் உயரம் வந்ததும் நிர்வாகக் குழுவிலிருந்து கடிதம் வந்தது: சாடியை ஏழு நாட்களுக்குள் அகற்ற வேண்டும். மகன் பயந்துவிட்டார். ஆச்சி சேலையை மாற்றிக்கொண்டு நேரே குழுக் கூட்டத்துக்குப் போனார். தலைவரைப் பார்த்து, "தம்பி, நேற்று உங்கள் வீட்டுச் சொதிக்கு இலை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். தலைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார். "செயலாளர் தம்பி, உங்கள் வீட்டு இரசத்துக்கு?" என்றார் அடுத்து. பதில் இல்லை. ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். அங்கிருந்த எல்லா வீட்டு அடுப்புக்கும் அந்த ஒரு மரம்தான் இலை கொடுத்திருக்கிறது! கடிதம் அன்றே திரும்பப் பெறப்பட்டது. சாடிக்குப் பதிலாக மண்ணில் இடம் ஒதுக்கி, சிறு வேலியும் போட்டார்கள்.

(கைதட்டல்)

இதற்காகத்தான் நான் ஊர் ஊராகப் பேசி வருகிறேன். பம்பலப்பிட்டியிலிருந்து தெகிவளை வரை வானளாவ எழும்பும் கட்டடங்களில் வாகனத்துக்கு இடம் உண்டு, மின்தூக்கிக்கு இடம் உண்டு, ஒரு மரத்துக்கு இடமில்லையா? சந்தையில் வாங்கும் இலையில் எந்த மருந்து தெளித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. பூச்சிகொல்லி எச்சத்துக்காக இந்தியக் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் சிறப்புச் சோதனைக்கு உட்படுத்தியது. கீழே நிற்கும் மரத்தில் பறித்தால் அந்த அச்சமில்லை. மீண்டும் சொல்கிறேன், வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடுங்கள். வாணியனுக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை ஒரு சாடி மண்ணுக்குக் கொடுங்கள்.

வளர்ப்பது எளிது. நன்கு கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி, விதையைக் காயவிடாமல் உடனே ஊன்றுங்கள். வைத்திருந்தால் முளைக்காது. நீர் தேங்காத சாடியும் நல்ல வெயிலும் வேண்டும். இலையைத் தனித்தனியாக உருவாமல் நுனிக் கொப்பை ஒடியுங்கள், பக்கக் கிளைகள் வெடிக்கும். கம்பளிப்பூச்சி என்று நினைத்து அடித்துக் கொல்லும் பச்சைப் புழுக்களில் வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன. இரண்டு கொப்புகளை அவற்றுக்கு விட்டுவிடுங்கள்.

மாநகர சபை அதிகாரிகளிடம் ஒரு விண்ணப்பம். புதிய மாடிக் கட்டடங்களுக்கு அனுமதி வழங்கும்போது மண்தரையில் பத்து அடி இடமாவது பொதுத் தோட்டத்துக்கு ஒதுக்கும்படி கேளுங்கள். மனுவை எழுதி வைத்திருக்கிறேன். வாசலில் மேசை இருக்கிறது, கையொப்பமிட்டுவிட்டு, பக்கத்தில் வைத்திருக்கும் கன்றுகளில் வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். நிர்வாகக் குழுத் தலைவர்கள் முதலில் எடுக்க வேண்டும். வணக்கம்.