பக்கத்து வீட்டு அமெரிக்கர்கள்

நேயர்களுக்கு வணக்கம். புலம்பெயர்ந்தவர்களுடைய அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, யாழ்ப்பாணத்து ஆள் யாழ்ப்பாணத்தைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதைப் பேச இந்த வானொலியில் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அமெரிக்கர்களைப் பற்றிப் பேசப்போகிறேன்.

கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கனகாலம் கடை வைத்திருந்தவன் நான். கடைக்குள்ளேயே ஒரு தபால் கவுண்டரும் இருந்தது. இப்போது ஓய்வு. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒஹாயோ மாநிலத்துத் தம்பதி ஒன்று வாடகைக்கு இருக்கிறது. மனைவிக்கு மருந்து ஆராய்ச்சி செய்யும் கம்பனி ஒன்றில் வேலை. அவருடைய விசாவில் கூட வந்த கணவர், ஒஹாயோக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே லாப்டாப்பில் வேலை செய்கிறார். அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே பின்னேரம் இரண்டு. ஆகவே அவருக்கு விடியற்காலை எல்லாம் சும்மா கிடக்கும், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மீட்டிங் இருக்கும். மார்ச் மாதத்தில் இன்னொரு கூத்து. அமெரிக்காவில் மணிக்கூட்டை இரண்டாம் ஞாயிறே முன்னுக்குத் தள்ளிவிடுவார்கள். இங்கே கடைசி ஞாயிறு மட்டும் காத்திருப்பார்கள். இடைப்பட்ட நாட்களில் ஐந்து மணி வித்தியாசம் நான்காகிவிடும். அந்த நாட்களில் மனிதர் அவசர அவசரமாகச் சாப்பிடுவதை ஜன்னல் வழியே பார்க்கலாம்.

அமெரிக்கன் இங்கிலாந்துக்கு வந்தால் அதுவும் ஒரு புலம்பெயர்வா என்று என் மச்சான் கேட்டார். அதே பாஷை, வெள்ளைத் தோல், கையில் காசு, இதில் என்ன கஷ்டம் என்பது அவருடைய வாதம். பாஷை விஷயத்தில் மச்சான் சொல்வது சரி. ஆனால் இங்கிலாந்து வீடொன்றுக்குள் கால் வைத்தால், அந்த அமெரிக்கத் தம்பதியை விட வல்வெட்டித்துறையில் பிறந்த எனக்குத்தான் அது கூடப் பழக்கமான வீடு. காரணம் எளியது. எங்களை ஆண்ட ஆங்கிலேயன் போகும்போது தன் வீட்டுப் பழக்கத்தில் பாதியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். வண்டி இடப் பக்கம் போகும், பிளக்கின் பக்கத்தில் சுவரிலேயே சுவிச் இருக்கும், தேத்தண்ணிக்குப் பால் விடுவார்கள், திகதி எழுதினால் நாள் முதலில் வரும். அமெரிக்கர் 1776-இல் இங்கிலாந்தோடு கோபித்துக்கொண்டு போனவர்கள். அதன் பிறகு அவர்கள் வழி தனி வழி.

அந்தப் பெண் வந்த முதல் வாரம் எங்கள் கதவைத் தட்டினார். வீட்டில் ஒரு பிளக்கிலும் கரண்ட் இல்லையாம். போய்ப் பார்த்தால் எல்லாச் சுவிச்சும் மேலே தூக்கியபடி, அதாவது அணைத்தபடி இருக்கிறது. அமெரிக்காவில் பிளக்குக்கு அப்படி ஒரு சுவிச் கிடையாது, விளக்குச் சுவிச்சும் மேலே தூக்கினால்தான் எரியும். குளியலறையில் விளக்குக்குக் கூரையிலிருந்து கயிறு தொங்குகிறது. தலைமயிர் காயவைக்கும் மெஷினை அங்கே செருக இடமில்லை, சவர மெஷினுக்கு மட்டும் ஒரு சின்னப் பிளக். உடுப்புத் தோய்க்கும் மெஷின் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில். ஜன்னலில் நுளம்பு வலை இல்லை. கைகழுவும் இடத்தில் சுடுதண்ணீர்க் குழாய் ஒரு மூலை, பச்சைத்தண்ணீர்க் குழாய் மறு மூலை. நடுவில் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் கேட்டார். இதற்கு என்னிடமும் பதில் இல்லை. இங்கிலாந்துக்காரரிடமும் இல்லை.

கணவருக்கு இந்த நாட்டில் முதலில் பிடித்துப்போன சாமான் கேத்தல். காரணம் மின்சாரம். இங்கே 230 வோல்ட், அவர்கள் ஊரில் 120. இங்கே கேத்தல் 3,000 வாட் வரைக்கும் இழுக்கும், அங்கே 1,500 வாட்டோடு சரி. ஆகவே அதே தண்ணீர் இங்கே பாதி நேரத்தில் கொதித்துவிடும். அமெரிக்க வீடுகள் பலவற்றில் கேத்தலே இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். படித்தது மின் பொறியியல். ஆனால் அந்தப் படிப்பே அவரை ஒரு இடத்தில் விழுத்தியது. தகப்பன் கொடுத்த பழைய மேசை மணிக்கூடு ஒன்றைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். 230-ஐ 120 ஆக்கும் மின்மாற்றி ஒன்றை, தூக்கமுடியாத பாரத்தில், வாங்கி மாட்டினார். மணிக்கூடு ஓடியது. ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பத்து நிமிடம் பிந்தியும் போனது. மின்மாற்றி வோல்ட்டைத்தான் மாற்றும். அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 தடவை துடிக்கிறது, இங்கே 50. அந்தத் துடிப்பை எண்ணி ஓடுகிற மணிக்கூட்டை ஒன்றும் செய்யமுடியாது. தனக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று தலையில் கை வைத்தார். மணிக்கூடு இப்போதும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது, பிளக்கைக் கழற்றியபடி.

வாகனக் கதைக்கு வருகிறேன். அமெரிக்க லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே ஒரு வருடம் ஓடலாம். அதற்குப் பிறகு செல்லாது. ஜப்பான்காரர், அவுஸ்திரேலியாக்காரர் தங்கள் லைசென்ஸைக் கொடுத்து பிரித்தானிய லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்கரும் இலங்கையரும் இந்தியரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதினாறு வயதிலிருந்து கார் ஓட்டுகிற மனிதர், நாற்பது வயதில் சிவப்பு எல் அட்டையை ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் ஆள் வைத்து ஓடினார். அந்த ஆள் பெரும்பாலும் நான். எழுத்துப் பரீட்சையில் 50 கேள்விக்கு 43 சரியாக வேண்டும். அதை ஊதித் தள்ளிவிட்டார். ரவுண்டபவுட்தான் அவரை வாட்டியது. கொழும்பு லிப்டன் சுற்றுவட்டத்தில் பஸ்களுக்கு நடுவே சைக்கிள் விட்டவனுக்குக் கேம்பிரிட்ஜ் ரவுண்டபவுட் ஒரு பொருட்டில்லை. ஒஹாயோவில் சந்தி என்றால் நாலு பக்கமும் நிற்பாட்டி, முதலில் வந்தவர் முதலில் போவார். இங்கே நிற்காமல், வலப் பக்கம் பார்த்து, இடைவெளி கண்டவுடன் புக வேண்டும். மனிதர் மரியாதையாக நின்று எல்லாரையும் போக விடுவார். பின்னுக்கு ஹோர்ன் கிழியும். கியர் வண்டியும் அவருக்குப் பழக்கமில்லை. ஓட்டோமாட்டிக்கில் பரீட்சை கொடுத்தால் ஓட்டோமாட்டிக் மட்டும்தான் ஓடலாம் என்பது இங்கத்தைய சட்டம். அதற்கே சம்மதித்து, ஓட்டோமாட்டிக்கிலேயே பாஸ் பண்ணினார்.

வைத்தியத்தில் கதை மாறும். ஒருநாள் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காத்திருந்து, படம் பிடித்து, கட்டுப் போட்டு, போகலாம் என்றார்கள். அவர் போகவில்லை. காசு கட்டும் கவுண்டர் எங்கே என்று தாதியிடம் கேட்டார். அந்தப் பிள்ளை கார் நிறுத்துமிடத்துக் காசைக் கேட்கிறார் என்று நினைத்து வாசலைக் காட்டியது. வீட்டுக்கு வந்த பிறகும் வாரக்கணக்காகத் தபாலில் பில் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இது சும்மா கிடைத்தது என்று யாரும் நினைக்கக் கூடாது. விசாவோடு சேர்த்து ஆளுக்கு வருடம் 1,035 பவுண் சுகாதாரக் கட்டணம், எத்தனை வருட விசாவோ அத்தனை வருடத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஐந்து வருடம், இரண்டு பேர், 10,350 பவுண். பிறகு சம்பளத்திலும் வரி வெட்டுவார்கள். ஒரே சேவைக்கு இரண்டு தரம் காசு வாங்குவதாகத்தான் எனக்குப் படுகிறது. அவர்களிடம் கேட்டால், ஒஹாயோவில் காப்புறுதிக்குக் கட்டியதைக் காட்டிலும் இது மலிவு என்கிறார்கள். பொது வைத்தியரிடம் இடம் கிடைக்கக் காலை எட்டு மணிக்குப் போனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பதைப் பற்றி மட்டும் அந்தப் பெண் கொஞ்சம் முணுமுணுப்பார். நாங்கள் எல்லாரும் முணுமுணுப்பதுதான்.

இனி வரி. அமெரிக்கரை நினைத்து நான் உண்மையாகவே பரிதாபப்பட்ட இடம் இதுதான். உலகத்தில் நீங்கள் எங்கே வாழ்கிறீர்களோ அங்கே வரி கட்டுவீர்கள். அமெரிக்கர் எங்கே வாழ்ந்தாலும், குடியுரிமை இருக்கும் வரைக்கும், அமெரிக்காவுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். இப்படிக் குடியுரிமையைப் பிடித்து வரி கேட்கும் இன்னொரு நாடு எரித்திரியா. இங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் வரிப் படிவத்தைக் கண்ணாலும் கண்டதில்லை, முதலாளியே வெட்டிக் கட்டிவிடுவார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அப்படித்தான் வெட்டுகிறார்கள். அதன் பிறகு அவர் 1040 என்ற அமெரிக்கப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். இங்கே கட்டிய வரியைக் கழித்தால் அங்கே கட்ட வேண்டியது பெரும்பாலும் பூச்சியம். அந்தப் பூச்சியத்தை எழுதித்தரக் கணக்காளருக்குக் காசு. பிரித்தானிய வரி வருடம் ஏப்ரல் 6-இல் தொடங்குகிறது, அமெரிக்காவில் ஜனவரி 1-இல். ஒரு வருடச் சம்பளத்தை இரண்டாகக் கிழித்து ஒட்டி, டொலர் மதிப்பில் எழுத வேண்டும்.

அதோடு முடியவில்லை. வெளிநாட்டு வங்கிக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் எந்த ஒரு நாளிலாவது 10,000 டொலரைத் தாண்டினால் ஒவ்வொரு கணக்கையும் தனியாக அறிவிக்க வேண்டும். சொந்தக் காசாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கையெழுத்துப் போடும் அதிகாரம் இருந்தாலே போதும். எங்கள் ஊர் மண்டபக் கமிட்டிக்குப் பொருளாளர் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தோம். கணக்கில் புலி, நேரமும் இருக்கிற ஆள் என்று நான்தான் அவருடைய பெயரைச் சொன்னேன். அவர் சங்கடப்பட்டு மறுத்தார். பொருளாளர் ஆனால் பூப்பந்துக்கும் கல்யாண வாடகைக்கும் வரும் எங்கள் மண்டபத்துக் காசை அமெரிக்கத் திறைசேரிக்கு அறிவிக்க வேண்டி வருமாம். கமிட்டியில் யாரும் நம்பவில்லை. இங்கே வரியில்லாமல் சேமிக்கும் ஐஎஸ்ஏ கணக்கும் அப்படித்தான், பிரித்தானியா விட்ட வரியை அமெரிக்கா விடாது.

இது சின்ன ஆட்களுக்கு மட்டும் வரும் தொல்லையுமில்லை. பொரிஸ் ஜோன்சன் 1964-இல் நியூயோர்க்கில் பிறந்தவர், குழந்தையாகவே இங்கே வந்துவிட்டவர். அவர் லண்டன் மேயராக இருந்தபோது, தன் லண்டன் வீட்டை விற்ற இலாபத்துக்கு அமெரிக்கா வரி கேட்டது. கட்டமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் கட்டினார். 2016-இல் அமெரிக்கக் குடியுரிமையையும் கைவிட்டார். விட்டகுறை தொட்டகுறை என்று எங்கள் ஆட்கள் சொல்வது இப்படியான உறவைத்தான்.

நல்ல காரியத்துக்கும் குறை வைக்கக் கூடாது. நவம்பர் நாலாவது வியாழன் அவர்களுடைய நன்றி நவிலும் நாள். இங்கே அது வெறும் வியாழக்கிழமை, எல்லாருக்கும் வேலை. லண்டன் சென் போல்ஸ் தேவாலயத்தில் அமெரிக்கருக்கென்று ஆராதனை நடக்கும், மற்றபடி ஒரு அசுமாத்தமும் இல்லை. இறைச்சிக் கடைக்காரருக்கு வான்கோழி என்றால் நத்தார்தான், நவம்பரில் முழு வான்கோழி கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார். எப்படியோ ஒன்று தேடிப் பிடித்தார்கள், இங்கத்தைய ஓவனுக்குள் அது போகவில்லை. இரண்டாக வெட்டி ஒரு பாதி எங்கள் வீட்டு ஓவனுக்கு வந்தது. எங்கள் பாதியில் என் மனைவி உள்ளியும் மிளகாய்த்தூளும் கூடப் போட்டதை நான் இன்றைக்குத்தான் வெளியே சொல்கிறேன்.

மே மாதக் கடைசித் திங்கள் அமெரிக்கர் போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள். இங்கேயும் அன்றைக்கு வங்கி விடுமுறை, காரணம் வேறு. மேடிங்லியில், கேம்பிரிட்ஜிலிருந்து கொஞ்ச தூரத்தில், இரண்டாம் உலகப் போர் அமெரிக்கக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகம் கொடுத்த நிலம். 3,800-க்கும் மேலே வெள்ளைக் கற்கள், உடல் கிடைக்காத 5,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நீளமான ஒரு மதில். வாத்தியக் குழு நடத்திய கிளென் மில்லரின் பெயரும் அந்த மதிலில் இருக்கிறது. கணவருடைய பாட்டனாரின் தம்பி பெயரும் இருக்கிறது, குண்டு வீச்சு விமானத்தில் போய் வராமல் போனவர். பெயரைத் தொட்டுக் காட்டினார். ஊரில் எங்கள் பிள்ளைகளின் கல்லறைகள் பட்ட பாடு தெரிந்தவன் நான். ஒவ்வொரு கல்லடியிலும் புல்லை ஒட்ட வெட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது காரில் தேர்தல் கதை வந்தது. நான் 1987 பொதுத் தேர்தலிலேயே இங்கே வாக்குப் போட்டவன் என்றேன். அப்போதே குடியுரிமை எடுத்துவிட்டீர்களா என்றார். இல்லை, இலங்கைப் பாஸ்போட்தான். கொமன்வெல்த் நாட்டவர் இங்கே சட்டப்படி வசித்தால் பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். அமெரிக்கர் பிரித்தானியக் குடியுரிமை எடுக்கும் வரைக்கும் முடியாது. அவர் தன் வாக்கைக் கடைசியாகக் குடியிருந்த ஒஹாயோவுக்கு அனுப்புகிறார். இங்கே வரி கட்டுகிறோம், வாக்கு இல்லை, இதற்காகத்தானே நாங்கள் ஒருகாலம் தேயிலையைக் கடலில் கொட்டினோம் என்று அவர் சிரித்தார்.

இப்போது குடியுரிமைப் பரீட்சைப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறார். 24 கேள்வி, 18 சரியாக வேண்டும். கிரிக்கெட் பக்கத்தை என்னிடம் கேட்டுப் படிக்கிறார். மனைவிக்கு அதில் பெரிய அவசரம் இல்லை. இரண்டு பாஸ்போட் எடுத்தாலும் 1040 நிரப்பத்தானே வேண்டும் என்கிறார். வணக்கம்.