சுவர் பார்க்க ஒரு ஞாயிறு

நேயர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து 130-ஐ ஒட்டி வரும். நம் மாவட்டத்து மக்கள் அங்கே வேலைக்குப் போவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போவார்கள். அந்த ஊர்த் தெருச் சுவர்களில் இருக்கும் ஓவியங்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்குகிறவர்கள் குறைவு. பார்க்க டிக்கெட் கிடையாது. கைக்காசு கரைவது போக்குவரத்தில்தான், அதிலும் ஆட்டோவில்.

கிளம்ப ஞாயிற்றுக்கிழமையே நல்லது. கடைகள் காலை பத்து மணிக்கு மேல்தான் திறக்கும். அதுவரை ஷட்டர்மேல் வரைந்த படங்கள் முழுசாகத் தெரியும்; சுவரை மறைத்து நிற்கும் கார், ஸ்கூட்டர்களும் குறைவு. வேலைநாளில் பதினொரு மணிக்குப் போனால் படத்தின் கீழ்ப்பாதியை வண்டிகள் தின்றுவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள்: ஞாயிறன்று பெங்களூரு மெட்ரோ காலை 7 மணிக்குத்தான் தொடங்கும். கிருஷ்ணகிரியில் ஐந்து, ஐந்தேகாலுக்கு பஸ் பிடித்தால் ஓசூர் தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, பொம்மசந்திராவில் இறங்கும்போது முதல் ரயிலுக்குச் சரியாக இருக்கும். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தடம் அங்கேதான் தொடங்குகிறது. ஆர்.வி. ரோடு நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கு மாறி, எம்.ஜி. ரோட்டில் இறங்க வேண்டும். 2025 பிப்ரவரியில் நிர்ணயித்த கட்டணப்படி மெட்ரோவில் எவ்வளவு தூரம் போனாலும் 90 ரூபாய்க்கு மேல் இல்லை. தருமபுரிக்காரர்களுக்கு ரயிலும் உண்டு. முன்பதிவில்லாப் பெட்டியில் கட்டணம் குறைவு. பையப்பனஹள்ளியில் நிற்கும் ரயிலாக இருந்தால் அங்கேயே ஊதாத் தடம் ஏறிக்கொள்ளலாம். பெண்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கர்நாடகத்தின் இலவச பஸ் பயணம் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். நம் விடியல் பயணம் எல்லையைத் தாண்டாது.

எம்.ஜி. ரோடு நிலையத்தை ஒட்டியே ரங்கோலி மெட்ரோ கலை மையம் இருக்கிறது. அங்கிருந்து சர்ச் ஸ்ட்ரீட் ஐந்து நிமிட நடை. கட்டடங்களின் பக்கச் சுவர்கள், சந்து முனைகள், ஷட்டர்கள் என்று நிதானமாகப் பாருங்கள். பிறகு கப்பன் பார்க் மெட்ரோ நிலையத்துக்கு நடந்தே வந்துவிடலாம். அந்த நிலையத்துச் சுவர்களில் கலை மாணவர்கள் செய்த படைப்புகள் இருக்கின்றன. டிக்கெட்டுக்கு நேர வரம்பு உண்டு, அதனால் டிக்கெட் காட்டும் கேட்டுக்கு வெளியே இருப்பவற்றை முதலில் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். மதியத்துக்கு மேல் மந்த்ரி ஸ்கொயர் சம்பிகே ரோடு நிலையத்தில் இறங்கி மல்லேஸ்வரத்தின் பின்சந்துகளில் நடக்கலாம். ஒரு நாளுக்கு இரண்டு பகுதி போதும். மூன்றாவதைச் சேர்த்தால் ஆட்டோ வந்துவிடும், கண்ணும் களைத்துவிடும்.

பலர் ஏமாறுவது பழைய போட்டோவை நம்பிப் போய்த்தான். தெருவோவியம் மழையில் உரியும், கட்டடத்தை இடித்தால் போய்விடும், வீட்டுக்காரர் வெள்ளையடித்துவிடுவார். கைபேசி வரைபடத்தில் அந்த இடத்தின் போட்டோக்களைத் திறந்து, கடைசிப் படம் எந்த மாதம் எடுத்தது என்று பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பழசென்றால் அந்தச் சுவரை நம்பித் தனியாக பஸ் ஏறாதீர்கள். போகிற வழியில் இருந்தால் மட்டும் பாருங்கள். டீக்கடையில் படத்தைக் காட்டி ‘ஈ சித்ர எல்லிதெ?’ (இந்தப் படம் எங்கே இருக்கிறது?) என்று கன்னடத்தில் கேட்டால் போதும். ஓசூர்ப் பக்கத்து நேயர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுவருக்கு முன்னால் நின்றபின் என்ன பார்ப்பது? முதலில் விளிம்பைப் பாருங்கள். நிறத்தின் ஓரம் புகைபோல மங்கி, பொடிப்புள்ளிகளாக முடிந்தால் அது ஸ்ப்ரே. ஓரம் கத்தியாக நின்றால் பிரஷ். ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பு இருந்தால் ரோலர். அடுத்து நிறம். வெயிலில் பளீர்ச் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், நீலம் தங்கும். அதனால்தான் பழைய சுவரோவியங்கள் நீலம்பாரித்துத் தெரிகின்றன. காவிச் சிவப்பு இரும்புத் தாதுவிலிருந்து வருவது, அது எளிதில் வெளுக்காது. அடிச்சுவரில் ஒன்றிரண்டு அடி உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளித்திருந்தால், மண்ணின் ஈரம் மேலேறி உப்புப் பூத்திருக்கிறது என்று அர்த்தம். ஓவியர் கையில் குறையில்லை. புதுச் சிமென்ட் பூச்சு நான்கு வாரம் காய்வதற்குள் வரைந்தாலும், பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அதன்மேல் பூசினாலும், பெயின்ட் இப்படித்தான் உரியும்.

கட்டடம் முழுக்க வரைந்த பெரிய முகங்களை அடியில் நின்று பார்த்தால் மூக்குதான் தெரியும். சுவரின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரம் பின்னால் போங்கள். கிழக்குப் பார்த்த சுவரைக் காலையிலும் மேற்குப் பார்த்ததை மாலையிலும் படமெடுங்கள்.

பெங்களூரு சாலைச் சுவர்களுக்கு வேறொரு கதையும் இருக்கிறது. 2009 வாக்கில் அந்த மாநகராட்சி, ஃப்ளெக்ஸ் வந்ததால் வேலையிழந்த பேனர் ஓவியர்களைக் கூப்பிட்டுச் சாலையோரச் சுவர்களில் வரையச் சொன்னது. யக்ஷகானம் என்ற கர்நாடகக் கூத்து, கோயில்கள், காட்டு விலங்குகள் என்று வரைந்தார்கள். அவற்றைச் சிலர் காலண்டர் படம் என்று ஒதுக்குவதுண்டு. என் மதிப்பில் அந்தக் கைத்திறன் எந்தப் புதுப்பாணிக்கும் குறைந்ததல்ல. நம் ஊர்ச் சந்தைப்பேட்டைகளில், பழைய கடைகளின் நெற்றியில், நிழல் விழும்படி பிரஷ்ஷால் எழுதிய பெயர்களும் அதே திறன்தான். அவை இருக்கும்போதே தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

ஜனவரியில் போகிறவர்கள் சித்ர சந்தே என்ற ஓவியச் சந்தை நடக்கும் நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். பெங்களூருவின் கலை நிறுவனமான சித்ரகலா பரிஷத் 2003 முதல் நடத்துவது. குமாரகிருபா சாலை முழுக்க ஒரு ஞாயிறு முழுதும் ஓவியர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அனுமதி இலவசம்.

திரும்பும்போது மாலையில் பொம்மசந்திராவில் ஏறினால் நம் பஸ்கள் நிரம்பித்தான் வரும். உட்கார்ந்து போக வேண்டுமென்றால் பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள். இல்லையென்றால் ஓசூர்வரை ஒரு பஸ், அங்கிருந்து வேறொன்று.

அடுத்த ஞாயிறு செலவில்லாமல் வேண்டுமா? பர்கூர்ப் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்களின் உருவங்கள் இருக்கின்றன. போகும்போது தண்ணீரும் தொப்பியும் எடுத்துப் போங்கள். தண்ணீர் குடிக்க மட்டும். படம் தெளிவாக விழட்டும் என்று பாறைமேல் தெளிக்காதீர்கள், சாக்பீஸால் ஓரம் கட்டாதீர்கள். ஈரம் உப்பை வெளியே இழுக்கும், அந்த உப்பு நிறத்தைத் தள்ளிவிடும்.