'நீ கதீ'யா, 'லீ பை'யா? தாய்லாந்து அரசியலை நாம எங்க தப்பாப் படிக்கிறோம்

வணக்கம். முதல்ல மேசை மேல இருக்கற மூணு பொருளைக் காட்டிடறேன். கேமராவைக் கொஞ்சம் கீழ இறக்கறேன். இது பிளாஸ்டிக் கை. கைப்பிடியைப் பிடிச்சு ஆட்டினா உள்ளங்கை ஒண்ணோட ஒண்ணு மோதி டப்பு டப்புன்னு சத்தம் வரும், கேக்குதா? தாய் மொழியில 'மூ தொப்'னு சொல்வாங்க, கைதட்டி. முன்னாள் பிரதமர் தக்சினை எதிர்த்து, 2008ல அரசாங்கத் தலைமையகத்தையே மாசக்கணக்குல பிடிச்சு வச்சிருந்த மஞ்சள் சட்டைக்காரங்க கையில இருந்தது இதுதான். இது ரெண்டாவது. அதே அமைப்பு, ஆனா கைக்குப் பதிலா பாதம். 'தீன் தொப்'. தக்சினை ஆதரிச்ச சிவப்புச் சட்டைக்காரங்களோடது. காலை நீட்டிக் காட்டறதே மரியாதைக் குறைவுன்னு நினைக்கற ஊர் அது. அங்க போய் பாதத்தைச் சின்னமா தூக்கினாங்கன்னா, கோபம் எந்த அளவுக்கு இருந்திருக்கும்னு பாத்துக்கோங்க. மூணாவது விசில், 'நோக் வீட்'. 2013 கடைசியிலேர்ந்து 2014 மே வரைக்கும், தக்சினோட தங்கச்சி யிங்லக் பிரதமரா இருந்த அரசாங்கத்தை எதிர்த்து, சுதெப் தோக்சுபன் தலைமையில பாங்காக்கை முடக்கின கூட்டத்தோட அடையாளம்.

தாய்லாந்துல வாழற வெளிநாட்டுக்காரங்க அரசியல் பேசும்போது, இந்த மூணுல ஏதோ ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பேசறாங்க. எந்த வருஷம் வந்து இறங்கினாங்களோ, அந்த வருஷத்துச் சண்டைதான் கடைசி வரைக்கும் அவங்களுக்குத் தாய்லாந்து அரசியல். 2008 நவம்பர் 25ஆம் தேதி சுவர்ணபூமி விமான நிலையத்தை மஞ்சள் சட்டைக்காரங்க பிடிச்சப்போ, ஒரு வாரத்துக்கு மேல ஊரை விட்டு வெளிய போக முடியாம மாட்டினவங்களுக்கு மஞ்சள்னாலே எரிச்சல். 2010ல ராச்சப்ரசோங் சந்திப்பைச் சிவப்புச் சட்டைக்காரங்க பிடிச்சு வச்சு, மே 19ஆம் தேதி ராணுவம் உள்ள புகுந்து, சென்ட்ரல்வேர்ல்டு மால் எரிஞ்சதைப் பாத்தவங்களுக்குச் சிவப்புன்னா நெருப்பு. அந்த ரெண்டு மாசத்துல 90 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் போராட்டக்காரங்களும் பொதுமக்களும். அதை அதே ஆட்கள் சொல்ல மறந்துடுவாங்க. 2020க்கு அப்புறம் வந்தவங்களுக்கு மூணு விரலைத் தூக்கிப் போராடின மாணவர்கள் மட்டும்தான் தெரியும்.

வருஷம் மாதிரியே இடமும் கருத்தைத் தீர்மானிக்குது. பாங்காக்ல சீலோம் பக்கம், நம்ம மாரியம்மன் கோயில் இருக்கற தெரு. அங்கத்து ஜனங்க 'வாட் கேக்'னு சொல்ற கோயில். அந்தப் பக்கம் கடை வச்சிருக்கறவங்க கிட்ட பேசினா, 2010 ஏப்ரல் 22 ராத்திரி பக்கத்துல சாலா டேங்ல வெடிச்ச குண்டுகளைப் பத்திப் பேசுவாங்க. கல்லாவை மூடச் சொன்ன நாட்களைப் பத்திப் பேசுவாங்க. வடகிழக்குல உதோன் தானி, கோன் கேன்ல கல்யாணம் பண்ணிட்டு செட்டில் ஆன வெள்ளைக்காரங்க கிட்ட கேட்டா, மாமனார் நெல்லுக்கு என்ன விலை கிடைச்சுதுன்னு பேசுவாங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல. முதலாளி சொல்றதும், மாமனார் வீட்டுல சொல்றதும்தான் நம்ம காதுக்கு முதல்ல வருது, அவ்ளோதான்.

அந்த நெல் விஷயத்தைக் கொஞ்சம் நின்னு பாக்கணும். யிங்லக் மேல வந்த வழக்கே அதுதான். 2011 அக்டோபர்ல அவங்க அரசாங்கம் வெள்ளை நெல்லு ஒரு டன்னுக்கு 15,000 பாட்னு வாங்க ஆரம்பிச்சுது. சந்தை விலையை விட ரொம்ப மேல. கணக்கு என்னன்னா, உலகத்துலயே அதிகமா அரிசி ஏத்துமதி பண்றது தாய்லாந்துதான், சரக்கைக் கொஞ்ச நாள் கிடங்குல பூட்டி வச்சா உலக விலை ஏறும், அப்போ வித்துடலாம். விலை ஏறல. ஏன்னா அதுக்கு முந்தின மாசம்தான், 2011 செப்டம்பர்ல, இந்தியா பாசுமதி அல்லாத அரிசி ஏத்துமதி மேல இருந்த தடையை எடுத்துடுச்சு. நம்ம ஊரு அரிசி உலகச் சந்தையில இறங்கிடுச்சு. அடுத்த வருஷமே தாய்லாந்து முதல் இடத்தை இழந்துடுச்சு. கிடங்குல அரிசி பழசாச்சு. 2014 ஆரம்பத்துல காபந்து அரசாங்கத்தால கடன் வாங்க முடியல, நெல்லைக் கொடுத்த விவசாயிக்குப் பணம் வரல. 'கிராமத்து ஜனங்களுக்கு லஞ்சம்'னு ஒரு பக்கமும், 'ஏழைக்கு நியாயம்'னு இன்னொரு பக்கமும் முடிச்சுடற விஷயத்துக்குள்ள இவ்ளோ இருக்கு.

இப்போ தலைப்புல இருக்கற ரெண்டு வார்த்தை. தாய் நண்பர் ஒருத்தர் தக்சினைப் பத்திப் பேசும்போது காதைக் கொடுத்துக் கேளுங்க. 'நீ கதீ'ன்னு சொன்னா, வழக்குக்குப் பயந்து ஓடினவர்னு அர்த்தம். 'லீ பை'ன்னு சொன்னா, ஆபத்துலேர்ந்து தப்பி அடைக்கலம் தேடினவர்னு அர்த்தம். ஒரே ஆள், ஒரே விமானம், ரெண்டு வார்த்தை. பேசறவர் எந்தப் பக்கம்னு அங்கயே தெரிஞ்சுடும். பத்திரிகைக்காரங்க இடையில நின்னு 'கோன் டேன் க்லை'ன்னு எழுதுவாங்க, தூர தேசத்து ஆள். பேரே சொல்ல மாட்டாங்க, படிக்கறவங்களுக்குப் புரியும். 'க்வாய் டேங்', 'சலிம்' இந்த ரெண்டும் மட்டும் நீங்க வாயில எடுக்காதீங்க. முதலாவது சிவப்புச் சட்டைக்காரங்களை எருமைன்னு திட்டறது, ரெண்டாவது அரண்மனை ஆதரவாளர்களைக் கேலி பண்றது. நம்ம வாயிலேர்ந்து வந்தா ரெண்டுமே அசிங்கம்.

இப்படி நாட்டை விட்டு ஓடினதுல தக்சின்தான் முதல் ஆள்னு நிறைய பேர் நினைக்கறாங்க. இல்லவே இல்ல. மன்னரோட முழு அதிகாரத்தை முடிச்சு வச்ச 1932 புரட்சியை நடத்தின ப்ரீடி பனோம்யோங், 1947 ராணுவப் புரட்சிக்கு அப்புறம் ஓட வேண்டி வந்தது. 1949ல திரும்ப வந்து ஆட்சியைப் பிடிக்கப் பாத்து தோத்து, சீனாவுல இருந்து, 1970ல பாரிஸ் போய், 1983ல அங்கயே காலமானார். அவரோட கூட்டாளியா ஆரம்பிச்சு எதிரியா மாறின பிபுன் சொங்க்ராமும் 1957ல ஓடிப்போய் 1964ல ஜப்பான்ல இறந்தார். ஒரே புரட்சியோட ரெண்டு தலைவருக்கும் சொந்த மண்ணுல சாகக் கொடுத்து வைக்கல. ராணுவ ஆட்சியாளர் தனோம் கித்திகச்சோர்ன் 1973ல போனார், 1976 செப்டம்பர்ல காவி கட்டிக்கிட்டு திரும்பி வந்தார். அதை எதிர்த்து நடந்த போராட்டம்தான் அக்டோபர் 6 தம்மசாட் பல்கலைக்கழகப் படுகொலையில போய் முடிஞ்சுது. அதனாலதான் சொல்றேன், ஒரு தலைவர் போற நாளை விட, திரும்பி வர்ற நாளைக் கவனிங்க.

திரும்பி வர்றது எப்போன்னு முடிவு பண்றதுல ஒரு பெரிய பங்கு சட்டத்தோட காலக்கெடுவுக்கு இருக்கு. இதைத்தான் வெளிநாட்டுக்காரங்க யாரும் பாக்கறதில்ல. தக்சின் 2008ல பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் பாக்கப் போனவர், ஊருக்குத் திரும்பாம லண்டன் போயிட்டார். அந்த அக்டோபர்ல ராட்சடா நில வழக்குல 2 வருஷத் தண்டனை. தாய் குற்றவியல் சட்டம் பிரிவு 98 என்ன சொல்லுதுன்னா, 1 வருஷத்துக்கு மேல 7 வருஷம் வரைக்குமான தண்டனையை 10 வருஷத்துக்குள்ள நிறைவேத்தலன்னா அது காலாவதி. ஆக 2018 அக்டோபர்ல அந்தத் தண்டனை தானாவே போச்சு. அப்படின்னா 2018லயே வந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. முடியாது. 2017ல அரசியல் பதவியில இருந்தவங்களுக்குன்னு தனி விசாரணைச் சட்டம் வந்துடுச்சு. ஆள் இல்லாமலே விசாரிக்கலாம், ஓடிப்போயிருக்கற காலம் கெடுவுல சேராது. அந்தச் சட்டத்தை வச்சுத்தான் கிடப்புல இருந்த பழைய வழக்குகளை எடுத்து, மியான்மருக்கு எக்ஸிம் வங்கிக் கடன், லாட்டரி, ஷின் கார்ப் பங்குன்னு மூணுலயும் தண்டனை கொடுத்தாங்க. கூட்டிக் கழிச்சா 8 வருஷம். காத்திருந்து கழிக்கற வழி அடைஞ்சு போச்சு.

இன்னொரு பக்கம், சாதாரணக் காலக்கெடு. 2004 அக்டோபர் 25, தக்சின் பிரதமரா இருந்தப்போ, தெற்க தாக் பாய்ங்கற ஊர்ல 85 முஸ்லிம்கள் செத்தாங்க. அதுல 78 பேர் ராணுவ லாரியில ஒருத்தர் மேல ஒருத்தரா அடுக்கப்பட்டு மூச்சு முட்டிச் செத்தவங்க. கொலைக் குற்றத்துக்குக் கெடு 20 வருஷம். குற்றம் சாட்டப்பட்டவங்க யாரும் கோர்ட்டுக்கு வரல. 2024 அக்டோபர் 25ஓட வழக்கு செத்துப் போச்சு, அப்போ பிரதமர் தக்சினோட மகள் பேதோங்தான். ஒரே நாட்டுல ஒரு கடிகாரம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கு, இன்னொண்ணு ஓட விடப்பட்டிருக்கு. சிவப்பு மஞ்சள்னு பேசற யாருமே எனக்கு இதை விளக்கினதில்ல. செத்தவங்க குடும்பங்களை நினைச்சா எனக்கு இன்னும் ஆறல.

2023 ஆகஸ்ட் 22ஐ எடுத்துக்கோங்க. காலையில தக்சின் தனி விமானத்துல டான் முவாங்ல இறங்கறார். அதே நாள் நாடாளுமன்றத்துல அவர் ஆதரவுக் கட்சியோட ஸ்ரெத்தா தவிசின் பிரதமர் ஆகறார், எந்த ராணுவத் தரப்பு 2014ல யிங்லக் கட்சியைத் தூக்கி எறிஞ்சுதோ அந்தத் தரப்புக் கட்சிகளோட ஓட்டுல. தேர்தல்ல 151 இடம் ஜெயிச்சு முதல்ல வந்த மூவ் ஃபார்வர்டு வெளிய. அன்னைக்கே இந்தக் கைதட்டியும் கால்தட்டியும் பழைய சாமான் ஆயிடுச்சு. தக்சின் ஜெயிலுக்குப் போன முதல் ராத்திரியே போலீஸ் ஆஸ்பத்திரி. 14ஆவது மாடி. இன்னைக்கும் 'சான் சிப் சீ'ன்னா போதும், எல்லாருக்கும் புரியும். அரசர் 8 வருஷத்தை 1 வருஷமாக் குறைச்சார், 2024 பிப்ரவரியில பரோல். 2025 செப்டம்பர் 9, உச்ச நீதிமன்றம் ஆஸ்பத்திரியில இருந்தது தண்டனையில சேராது, அந்த 1 வருஷத்தை உள்ள இருந்து கழிக்கணும்னு சொல்லி க்ளோங் ப்ரெம் சிறைக்கு அனுப்புச்சு. யிங்லக் 2017லேர்ந்து வெளியதான். 5 வருஷத் தண்டனை அப்படியே இருக்கு, மேல 2025 மே மாசம் 1,000 கோடி பாட்டுக்கு மேல நஷ்ட ஈடு கட்டணும்னு உச்ச நிர்வாக நீதிமன்ற உத்தரவு வேற.

இப்போ நம்ம விஷயம், ஏன்னா இதுல தப்பு பண்ணா மாட்டறது நாமதான். பிரிவு 112. அரசர், அரசி, பட்டத்து வாரிசு, ஆட்சிப் பிரதிநிதி பத்தின அவமதிப்பு. ஒரு குற்றத்துக்கு 3லேர்ந்து 15 வருஷம். ரெண்டு பதிவுன்னா ரெண்டு குற்றம். யார் வேணா, எந்த ஊர் ஸ்டேஷன்ல வேணா புகார் கொடுக்கலாம். நீங்க இருக்கறது பாங்காக்னாலும் வழக்கு மலேசிய எல்லையில நடக்கலாம். நீங்க எழுதல, ஷேர் மட்டும் பண்ணீங்கன்னாலும் கணினிக் குற்றச் சட்டம் பிரிவு 14 வரும், 5 வருஷம் வரைக்கும். 2025 ஏப்ரல்ல பால் சேம்பர்ஸ்னு, பல வருஷமா அங்க வாழ்ந்து ராணுவத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ண அமெரிக்கப் பேராசிரியரைக் கைது பண்ணாங்க. சிங்கப்பூர் நிறுவனம் ஒண்ணோட இணையக் கருத்தரங்க அறிவிப்பு வரிகளை வச்சு ராணுவம் கொடுத்த புகார். அரசு வக்கீல் வழக்கு வேண்டாம்னு முடிவு பண்ணியும், விசா போய், வேலை போய், நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்துது. வழக்குல ஜெயிச்சாலும் விசா தனிக் கதைங்கறதை மனசுல வச்சுக்கோங்க.

சட்டை நிறம் பத்தி அடிக்கடி கேக்கறீங்க. இப்போ மஞ்சள் சட்டை போட்டிருக்கறவங்களைப் பாத்து கட்சி முடிவு பண்ணாதீங்க. திங்கக்கிழமைக்கு மஞ்சள், முந்தின அரசரும் இப்போதைய அரசரும் பிறந்தது திங்கக்கிழமை. அரசு ஊழியர், பேங்க் ஊழியர் எல்லாரும் போடுவாங்க.

கூட்டம் நடக்கற இடத்துல மாட்டினா படம் எடுத்து நேரலை போடாம, பக்கத்து ஸ்கைட்ரெயின் நிலையத்துக்கு நடந்துடுங்க. சில நேரம் அந்த நிலையத்தையே மூடுவாங்க, அதனால ரெண்டு நிலையம் தள்ளிப் போறது நல்லது. கட்சிக்கு நன்கொடை கொடுக்காதீங்க, தாய் குடியுரிமை இல்லாதவங்க கிட்ட கட்சி பணம் வாங்கறது சட்டப்படி குற்றம், உறுப்பினராகவும் முடியாது. தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம் 6 மணியிலேர்ந்து தேர்தல் நாள் சாயங்காலம் 6 மணி வரைக்கும் சாராயம் விக்கவோ வாங்கிக் கொடுக்கவோ கூடாது. ரெஸ்டாரன்ட் வச்சிருக்கற நம்ம ஆளுங்க, முன்கூட்டியே ஓட்டுப் போடற நாளுக்கும் இப்படித் தடை வரும், தேதியைப் பாத்து வச்சுக்கோங்க.

படிக்கறதுக்கு கௌசோட், ப்ரச்சதை, தாய் பிபிஎஸ் மூணுக்கும் ஆங்கிலப் பக்கம் இருக்கு. 112 வழக்கு விவரத்துக்குத் தாய் மனித உரிமை வழக்கறிஞர்கள் அமைப்போட பக்கம். பாங்காக் போஸ்ட் மட்டும் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க. அடுத்த வீடியோவுல செனட்டை எப்படித் தேர்ந்தெடுக்கறாங்கன்னு பாக்கலாம், 2024ல அந்த முறை மாறினதுல நிறைய இருக்கு. கேள்வி இருந்தா கீழ போடுங்க, ஆனா 112 பத்தின கேள்வியில யார் பேரும் எழுதாதீங்க.