எம்ஜிபி காருக்கு இக்னிஷன் காயில்: ஆண்டைப் பார்த்து வாங்காதீர்கள்

வணக்கம். வண்டி ஓட்டும் காட்சி கடைசியில்தான் வரும். முதலில் இந்த மேசையைப் பாருங்கள். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். இரண்டு இக்னிஷன் காயில்கள், அதாவது பேட்டரியின் குறைந்த வோல்ட்டைப் பிளக்கில் தீப்பொறி பாயும் அளவுக்கு உயர்த்தும் டப்பாக்கள். இரண்டுமே செத்தவை. இடப்பக்கம் இருப்பது மிகப் பழையது. தடித்த கேபிள் செருகும் வாய்ப்பகுதியில் எண்ணெய் கசிந்து, தூசி ஒட்டி, கறுத்துக் கிடக்கிறது. வலப்பக்கம் இருப்பது புத்தம் புதியது. வாங்கிய மூன்றாம் நாளே போய்விட்டது. பழையது செத்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அது உழைத்து ஓய்ந்தது. இந்தப் புதியதுதான் என் மனத்தை உறுத்துகிறது. அதன் மேல் குறை இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டதால் இன்னும் அதிகமாக உறுத்துகிறது.

பின்னால் நிற்பது என் 1977 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரையைத் திறந்து ஓட்டும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, நான்கு சிலிண்டர், கறுப்பு ரப்பர் பம்பர் வைத்த பிற்கால வகை. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை இந்தக் காரைச் செய்தார்கள். தமிழ்நாட்டில் அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு இந்த பானெட்டைத் திறந்தால் பழைய உறவினரைப் பார்த்த மாதிரி இருக்கும். அம்பாசடரில் பல்லாண்டுகள் ஓடிய 1489 சிசி இயந்திரமும் இதே பி-சீரிஸ் என்ற இயந்திரக் குடும்பம்தான். என் தாய்மாமா மதுரையில் அம்பாசடர் வாடகைக் கார் வைத்திருந்தார். வண்டி நின்றால் அவர் முதலில் கேட்பது, "கரண்ட் வருகிறதா?" என்பதுதான். பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்பதை நம் மெக்கானிக்குகள் இப்படித்தான் கேட்பார்கள். இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

நடந்ததைச் சொல்கிறேன். பழைய காயில் போன மாதம் போனது. கடையில் கேட்டார்கள்: எந்தக் கார், எந்த ஆண்டு? சொன்னேன். பட்டியலைப் பார்த்து இந்தப் புதியதை எடுத்துக் கொடுத்தார்கள். பட்டியல் சரிதான். 1977 எம்ஜிபிக்கு அதைத்தான் எந்தப் புத்தகமும் சொல்லும். மாட்டினேன், உடனே கிளம்பியது. மூன்றாம் நாள் ஏ34 சாலையில் போய்க்கொண்டிருந்தேன். இந்தக் கார் பிறந்த ஆபிங்டனுக்கு இன்னும் ஐந்து மைல் இருக்கும். நாற்பது நிமிட ஓட்டத்துக்குப் பிறகு இயந்திரம் இரண்டு முறை திக்கியது, பிறகு சத்தமே இல்லாமல் அணைந்தது. ஓரம் கட்டினேன்.

இங்கேதான் பொறுமை வேண்டும். வண்டி நின்றதும் காயிலைக் குற்றவாளியாக்கிவிடுவது எளிது. சாவியைத் திருப்பினேன், பின்னாலிருந்து எஸ்யூ பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து நின்றது. அப்படியென்றால் பெட்ரோல் வருகிறது, கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்துவிட்டது. அடுத்து, காயிலிலிருந்து வந்து டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) மூடியின் நடுவில் செருகியிருக்கும் தடித்த கேபிளைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிடித்து, இயந்திரத்தின் இரும்புக்குச் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்து, கூட வந்த நண்பரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னேன். பொறி இல்லை. இந்தச் சோதனையின் அருமை என்னவென்றால், மூடி, அதற்குள் சுற்றும் ரோட்டர், பிளக் எல்லாம் இந்த இடத்துக்குப் பிறகு வருபவை. ஆகவே அவற்றின் மேல் சந்தேகம் தேவையில்லை. மிச்சம் காயில், பாயிண்ட் (காயிலின் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சிறு ஸ்விட்ச்), கண்டென்சர் (பாயிண்டோடு இணைந்த சிறு மின்தேக்கி), காயிலுக்கு வரும் வயர். மாற்றுக் கண்டென்சர் கைவசம் இருந்தது, போட்டுப் பார்த்தேன், பயன் இல்லை. காயிலைத் தொட்டேன். கையை வைக்க முடியவில்லை, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போல.

இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். காயில் ஆறியது, வண்டி கிளம்பியது. ஆறு மைல் ஓடி மறுபடியும் நின்றது. அதற்குப் பிறகு எழவே இல்லை.

ஏன் இப்படி ஆனது என்று புரிய, காயிலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்த டப்பாவுக்குள் இரும்பைச் சுற்றி இரண்டு செம்புச் சுருள்கள் இருக்கின்றன. முதன்மைச் சுருளில் தடித்த கம்பி, சில நூறு சுற்றுகள். இரண்டாவதில் தலைமுடி போன்ற கம்பி, பல ஆயிரம் சுற்றுகள். சுற்றிலும் எண்ணெய், வெப்பத்தை வெளியே கடத்துவதற்காக. பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரி மின்னோட்டம் முதன்மைச் சுருளில் ஓடிக் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவுதான் இரண்டாம் சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எழுந்து பிளக்கில் பாய்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் நான்கு சிலிண்டர் இயந்திரத்துக்கு விநாடிக்கு 200 பொறிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 5 மில்லி விநாடிதான், அதிலும் பாயிண்ட் மூடியிருப்பது பாதியைவிடச் சற்றுக் கூடுதல் நேரம். இதையே பன்னிரண்டு சிலிண்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1971இல் ஜாகுவார் தன் வி12 இயந்திரத்துக்கு பாயிண்டை விட்டுவிட்டு மின்னணு இக்னிஷனுக்குப் போனதன் காரணம் புரியும்.

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன். பழைய எம்ஜிபிகளில் 12 வோல்ட் காயில் இருக்கும், முதன்மைச் சுருளின் மின்தடை சுமார் 3 ஓம். என்னுடையதைப் போன்ற ரப்பர் பம்பர் வண்டிகளில் தொழிற்சாலையில் வேறு ஏற்பாடு செய்தார்கள். காயில் 1.5 ஓம், கடையில் எனக்குக் கொடுத்ததும் இதுதான். அதற்கு முன்னால், வயரிங்குக்குள்ளேயே சுமார் 1.5 ஓம் மின்தடை உள்ள ஒரு தனி வயர். இதைத்தான் பாலாஸ்ட் என்கிறார்கள். ஓடும்போது பாலாஸ்ட் பாதி வோல்ட்டைத் தின்றுவிடும், காயிலுக்கு ஆறு ஏழு வோல்ட்தான் கிடைக்கும். அதனால்தான் அதை 6 வோல்ட் காயில் என்றும் சொல்வார்கள். குளிர்காலக் காலையில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி பத்து வோல்ட்டுக்குத் தாழ்ந்துவிடும். அந்த நேரத்தில் மட்டும் ஸ்டார்ட்டரிலிருந்து வரும் இன்னொரு வயர் பாலாஸ்ட்டைத் தாண்டி முழு வோல்ட்டையும் காயிலுக்குக் கொடுக்கும். பொறி வலுவாக வரும், வண்டி கிளம்பும். நல்ல யோசனை, எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

என் வண்டியில் அந்த பாலாஸ்ட் வயர் இல்லை! இதோ, வயரிங்கைச் சுற்றியிருந்த நாடாவைப் பிரித்து வைத்திருக்கிறேன். இந்த இளஞ்சிவப்பு வயரில் வெள்ளைக் கோடு ஓடுகிறது, பாருங்கள். இதுதான் மின்தடை வயர். முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் இதை வெட்டி, மடித்து, நாடாவுக்குள் மூடிவிட்டார். பக்கத்தில் புதிதாக ஒரு சாதாரண வெள்ளை வயர் ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேராகக் காயிலுக்கு வருகிறது. அதாவது முழு 12 வோல்ட். ஓடும்போது 13.8 என்று வையுங்கள். 13.8ஐ 1.5ஆல் வகுத்தால் 9.2 ஆம்பியர். 3 ஓம் இருந்திருந்தால் 4.6. இரண்டு மடங்கு மின்னோட்டம், இரண்டு மடங்கு வெப்பம். காயில் வெந்தது, அதோடு பாயிண்டும் கருகியது. இந்தப் பாயிண்டின் முகத்தைப் பாருங்கள், மூன்று நாளில் நீலம் பாரித்துக் குழி விழுந்துவிட்டது.

இதைவிட மனத்தைத் தைக்கும் விஷயம் இந்தப் பழைய காயிலில் இருக்கிறது. மல்டிமீட்டரை வைக்கிறேன். இரண்டு சிறு முனைகளுக்கும் இடையே 3.1 ஓம். முதன்மைச் சுருள் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது மீட்டரின் ஒரு கம்பியை, தடித்த கேபிள் செருகும் நடுவாயில் வைக்கிறேன். எல்லையற்றது. நல்ல காயிலில் ஆறாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் ஓம் வரை ஏதாவது காட்ட வேண்டும். ஆக இரண்டாம் சுருள் அறுந்திருக்கிறது. ஆனால் அந்த 3.1ஐக் கவனியுங்கள். வயரை மாற்றியவர் அதற்கேற்ற காயிலைத்தான் போட்டிருந்தார். பதில் இந்தச் செத்த காயிலிலேயே இருந்தது. கழற்றிய அன்றே இதை அளந்திருந்தால் இன்னொன்றைக் கொன்றிருக்க மாட்டேன்.

ஐம்பது ஆண்டு வயதான வண்டிக்கு எத்தனை கைகள் பட்டிருக்கும்! பட்டியல் சொல்வது தொழிற்சாலை வாசலை விட்டு வெளியே வந்த வண்டியை. உங்கள் கொட்டகையில் நிற்பது வேறு வண்டி. ஆகவே அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அளப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது, நானும் முதலில் விழுந்தேன். சாவியைப் போட்டு, காயிலில் மின்சாரம் வந்து சேரும் முனைக்கும் எர்த்துக்கும், அதாவது வண்டியின் இரும்பு உடலுக்கும், இடையே பார்த்தேன், 12.3 வோல்ட். பாலாஸ்ட் இல்லை என்று உடனே முடிவு செய்யக் கூடாது. பாயிண்ட் திறந்திருந்தால் மின்னோட்டமே ஓடாது. மின்னோட்டம் ஓடாவிட்டால் எந்த மின்தடையும் வோல்ட்டைக் குறைக்காது. பாலாஸ்ட் இருந்தாலும் 12தான் காட்டும். முதன்மைச் சுருள் அறுந்த காயிலை வைத்துப் பார்த்தாலும் அதே கதைதான். நண்பரின் வண்டியிலிருந்து நல்ல காயில் ஒன்றை வாங்கி மாட்டினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் மூடும் வரை இயந்திரத்தைக் கையால் திருப்பினேன். மறுபடி அளந்தேன்: 11.9. பாலாஸ்ட் இருந்தால் 1.5 ஓம் காயிலில் ஏறக்குறைய 6, 3 ஓம் காயிலில் ஏறக்குறைய 8 வந்திருக்கும். அளந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி கிடந்தால் காயில் வீணாகச் சூடேறும். ஓம் அளக்கும்போது வயர்களைக் கழற்றிவிடுங்கள், மீட்டரின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டு அதன் சொந்த மின்தடையைக் கழித்துக்கொள்ளுங்கள். 1.5 ஓம் போன்ற சிறிய எண்ணில் 0.3 பெரிய வித்தியாசம்.

சரி, எதை வாங்குவது? லூகாஸ் நிறுவனத்தின் வரிசையில் டிஎல்பி101 சாதாரண 12 வோல்ட் காயில், டிஎல்பி105 தங்க நிற ஸ்போர்ட்ஸ் காயில். இரண்டும் பாலாஸ்ட் இல்லாத வண்டிக்கு. டிஎல்பி102, டிஎல்பி110 இரண்டும் பாலாஸ்ட் உள்ள வண்டிக்கு. போஷ் நீலக் காயிலும் 3 ஓம் வகைதான். பாயிண்டுக்குப் பதிலாக பெர்ட்ரானிக்ஸ் இக்னிட்டர் என்ற மின்னணுக் கருவி போட்டிருக்கும் நான்கு சிலிண்டர் வண்டிக்கும் அந்த நிறுவனம் கேட்பது 3 ஓம் காயில். 0.6 ஓம் காயில்கள் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகளுக்கானவை. பாயிண்ட் வைத்த வண்டியில் அதைப் போட்டால் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பாயிண்ட் நிமிடங்களில் போய்விடும். எதிர்த் திசைத் தவறும் உண்டு. பாலாஸ்ட் உள்ள வண்டியில் 3 ஓம் காயிலைப் போட்டால் ஒன்றும் எரியாது. ஆனால் மின்னோட்டம் 3 ஆம்பியருக்கு இறங்கிவிடும். பொறி சோர்ந்து, மேடு ஏறும்போது இழுக்காது. காரணம் தெரியாமல் பலர் கார்புரேட்டரைப் பிரித்துக் கொண்டிருப்பார்கள்.

40,000 வோல்ட் என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பிளக்கின் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வோல்ட் ஏறும். பொறி பாய்ந்தவுடன் ஏற்றம் நின்றுவிடும். எம்ஜிபியின் இடைவெளி 0.025 அங்குலம். அதற்கு அந்த எண்ணின் ஒரு பகுதி போதும், மிச்சம் கையிருப்பு மட்டுமே. பிளக்கின் தேய்மானமும் கேபிளின் ஈரமும் கூடும்போது அந்தக் கையிருப்பு உதவும், அதை நான் மறுக்கவில்லை. குதிரைத்திறன் கூடும் என்று நினைத்து வாங்காதீர்கள், அவ்வளவுதான். ஸ்போர்ட்ஸ் காயில் வேண்டாம் என்று நானே முடிவு செய்து, சாதாரண 3 ஓம் காயிலை வாங்கியிருக்கிறேன். பெட்டியைப் பிரித்ததும் அளந்தேன். 3.2.

மாட்டுகிறேன். வெள்ளை வயர் நேர் முனைக்கு, டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் வெள்ளை-கறுப்பு வயர் எதிர் முனைக்கு. 1967க்கு முந்தைய எம்ஜிபி நேர் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் நேர் முனை வண்டியின் உடலோடு இணைந்தது, அங்கே இது தலைகீழ். இலங்கையில் மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களும் தங்கள் வண்டி எந்த எர்த் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாறிப் போட்டாலும் வண்டி ஓடும். ஆனால் பிளக்கின் சூடான நடுமுனையிலிருந்துதான் எலக்ட்ரான் எளிதாகக் கிளம்பும், மாறினால் அதே பொறிக்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படும். ஸ்விட்ச் பக்கம் எஸ்டபிள்யூ, பாயிண்ட் பக்கம் சிபி என்று எழுதிய பழைய காயிலை, எர்த் மாற்றிய வண்டியில் எழுத்தை மட்டும் நம்பி மாட்டக் கூடாது.

ஸ்டார்ட்டரிலிருந்து வந்த அந்த உதவி வயருக்கு இப்போது வேலை இல்லை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது அதில் மின்சாரம் வரும், எனவே முனையை நன்றாக மூடிக் கட்டிவிட்டேன். புதிய பாயிண்ட், 0.015 அங்குல இடைவெளி. தடித்த கேபிளைக் காயிலின் வாய்க்குள் முழுதாகப் போகும் வரை அழுத்துங்கள். அரைகுறையாக நின்றால் உள்ளேயே பொறி விட்டு வாய் கருகும். காயிலைப் பிடிக்கும் பட்டியைப் பிடிமானத்துக்கு இறுக்கினால் போதும், டப்பாவை நசுக்கிவிடாதீர்கள்.

சாவி. கேட்கிறதா? முதல் சுற்றிலேயே எழுந்துவிட்டது.

…திரும்பி வந்துவிட்டேன். ஆபிங்டன் வரை போய் வந்தேன், ஒரு மணி பத்து நிமிடம், பாதி வழி ஏ34இல் நான்காம் கியரில். பானெட்டைத் திறக்கிறேன். காயிலின் மேல் உள்ளங்கையை வைக்கிறேன். சூடு இருக்கிறது, கையை எடுக்கத் தோன்றவில்லை. நண்பரின் காயிலைத் துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன், மாலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெட்டி மடித்த அந்த இளஞ்சிவப்பு வயரில் ஒரு சிறு அட்டையைக் கட்டுகிறேன்: "பாலாஸ்ட் துண்டிக்கப்பட்டது, 3 ஓம் காயில் மட்டும்." எனக்குப் பிறகு இந்த வண்டியை வைத்திருக்கப் போகிறவர் நாடாவைப் பிரிக்காமலே படிக்கட்டும்.